ராஜினாமாவை ஏற்றுக்கொள்!

காலை பத்து மணி. மரக்காணத்தைத் தாண்டிய புதுச்சேரி பஸ் நடுரோட்டில் பிரேக் போட்டு நின்றது. அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. யாரும் இறங்கவும் இல்லை. டிரைவருக்கு வேடிக்கை பார்க்கவேண்டியிருந்தது.

பார்க்கவேண்டிய வேடிக்கைதான். உப்பளப் பெண் தொழிலாளர் சங்க ஆபீசுக்கு எதிரே ஒரு துணிப்பந்தல். பந்தலில் ஒரு பாய். பாயில் ஒற்றை ஆளாகக் கொளஞ்சியம்மாள். வயது அறுபத்து மூன்று. அந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர். இருபத்திரண்டு வருடமாக அதற்குத் தலைவி. அவர் கழுத்தில் தொங்கிய அட்டை சொன்னது:

'சங்கமே! என் ராஜினாமாவை உடனே ஏற்றுக்கொள்! காலவரையற்ற தர்ணா!'

சும்மா வந்து உட்காரவில்லை. முறைப்படி மூன்று கடிதம் கொடுத்தாயிற்று. முதல் கடிதத்தைப் படித்த செயலாளர் சின்னப்பாப்பா, "கையெழுத்து அழகா இருக்குதுக்கா" என்று ஃபைலில் போட்டுவிட்டாள். இரண்டாவதற்கு ஒரு கமிட்டி போட்டார்கள். மூன்றாவதற்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் வந்தது. 'கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. தலைவியின் ஒப்புதல் கிடைத்ததும் முடிவு தெரிவிக்கப்படும்.'

"தலைவி நான்தாண்டி!"

"அதான்க்கா. நீங்க ஒப்புதல் குடுக்கணும்."

"குடுத்துட்டேன். எடுத்துக்கோ."

"ராஜினாமா பண்ணவங்க ஒப்புதல் செல்லாதேக்கா."

இந்த இழுத்தடிப்பை எல்லாம் யாரிடம் கற்றார்கள்? முதலாளிகள் இப்படித்தான் இழுப்பார்கள், ஏமாந்துவிடாதீர்கள் என்று வருடக்கணக்கில் வகுப்பெடுத்தவர் கொளஞ்சியம்மாள். அன்றைக்கே அவர் பதினாலு நாள் நோட்டீஸை எழுதி ஆபீஸ் கதவில் ஒட்டினார். இன்று பதினைந்தாவது நாள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மார்ச் கடைசியில் உப்பளக் குத்தகைதாரர் தட்சணாமூர்த்தியோடு போட்ட மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் எதிர் நாற்காலியில் ஆரோக்கியசெல்வி இருக்கவேண்டும். முப்பத்து நான்கு வயது, துணைத்தலைவி, பிளஸ் டூ முடித்துவிட்டு உப்பு வாரியவள். கொளஞ்சியம்மாள் மட்டும் அங்கே இருக்கக் கூடாது.

ஏன்? அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அவர் கேட்டது: பாத்திகளுக்கு நடுவே நிழல்கொட்டகை, குடிதண்ணீர், மூன்று இடத்தில் கழிப்பறை. கிடைத்தது ஒரே ஒரு கழிப்பறை. அதுவும் தட்சணாமூர்த்தியின் ஆபீசை ஒட்டி, வேலை நடக்கும் இடத்திலிருந்து ரெண்டு கிலோமீட்டர். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தவர் செருப்பு மாட்டக் குனிந்தபோது, உள்ளே தட்சணாமூர்த்தி கணக்குப்பிள்ளையிடம் சொன்னது காதில் விழுந்தது.

"இந்தம்மா மூணாவது டீ வரைக்கும் கத்தும். நாலாவது டீயில இறங்கிடும். இருவது வருஷமா இதேதான்."

அன்றிலிருந்து அவருக்கு டீயே இறங்கவில்லை.

"ஏற்றுக்கொள் ஏற்றுக்கொள்!" என்று கொளஞ்சியம்மாள் முஷ்டியை உயர்த்தினார்.

கோஷம் என்றால் பதில்கோஷம் வேண்டும். ஆள் இல்லை. அவரே குரலைத் தணித்து, "ராஜினாமாவை ஏற்றுக்கொள்" என்று முடித்துக்கொண்டார். மறுபடி உயர்த்தினார். மறுபடி தணித்தார். நான்காவது முறை, ஆபீஸ் வாசலில் நின்ற அறுபது பெண்களுக்கும் கை தானாகவே எழும்பிவிட்டது.

"ராஜினாமாவை ஏற்றுக்கொள்!"

"ஏய், வாயை மூடுங்கடி!" சின்னப்பாப்பா அலறினாள். "நாம எதிர்த்தரப்பு!"

"பழக்கதோஷம்க்கா" என்றாள் ஒருத்தி, கையை இறக்கி.

ஆரோக்கியசெல்வி ஒரு சொம்பு மோரோடு பந்தலுக்கு வந்தாள்.

"குடிங்க. உங்களை எதிர்த்து நான் என்னத்தைப் பேசுறது? எனக்கு அந்த நாற்காலி வேணாம்க்கா. தட்சணாமூர்த்தி என்னை ஊதித் தள்ளிடுவாரு. உங்களைக் கண்டாத்தான் அவருக்கு பயம்."

கொளஞ்சியம்மாள் மோரைக் கையில் வாங்கினார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அறுபது முகங்களையும் பார்த்தார். ஒரே மூச்சில் மோரைக் குடித்துச் சொம்பைத் திருப்பித் தந்தார்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்தது.

கதவு திறந்தது. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தட்சணாமூர்த்தி இறங்கினார். பின்னாலேயே டிரைவர், கையில் ஒரு சம்பங்கி மாலையோடு. இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் சங்க ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை.

"அம்மா!" என்றார் தழுதழுப்பாக. "கேள்விப்பட்டு ஓடியாந்தேன். நீங்க போகக் கூடாதும்மா. உங்களை மாதிரி ஒரு தலைவி யாருக்குக் கிடைப்பாங்க?" பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "ராஜினாமாவை ஏத்துக்காதீங்கம்மா. இந்த விஷயத்துல என் முழு ஆதரவும் உங்களுக்குத்தான்!"

யாரும் கை தட்டவில்லை. காக்கா ஒன்று கத்திவிட்டுப் போனது.

சின்னப்பாப்பா மெதுவாகக் கேட்டாள்: "ஏங்கடி, இந்தாளு நம்ம பக்கம் நிக்கிறாருன்னா, நாம யார் பக்கம் நிக்கிறோம்?"

ஆரோக்கியசெல்வி தட்சணாமூர்த்தியைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். கடைசியாகக் கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள்.

"அக்கா, உடம்பு முடியலைன்னு கடிதத்துல எழுதியிருந்தீங்க. பொய்தானே அது? இப்ப உண்மையைச் சொல்லுங்க."

தப்பிக்க வழியில்லை. கொளஞ்சியம்மாள் அட்டையைக் கழற்றி மடியில் வைத்தார். சொன்னார். செருப்பு, கணக்குப்பிள்ளை, நாலாவது டீ, எல்லாவற்றையும்.

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?" தட்சணாமூர்த்தி பதறினார்.

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கு. வாயில வடை இருந்துது உங்களுக்கு. இருந்தாலும் தெளிவாத்தான் கேட்டுது." கொளஞ்சியம்மாள் பெண்கள் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "நீங்க ரெண்டு கிலோமீட்டர் நடக்கறதுக்கு நான்தாண்டி காரணம். இந்தத் தடவையும் என்னை அனுப்புனீங்கன்னா இன்னும் மூணு வருஷம் நடக்கணும்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திட்டுவார்கள் என்று கொளஞ்சியம்மாள் எதிர்பார்த்தார்.

"மூணு வருஷமா இதை மனசுல வச்சிருந்தீங்களா?" சின்னப்பாப்பாவுக்கு ஆத்திரம். "என்கிட்ட சொல்லியிருந்தா டீ மாஸ்டரைத் தூக்கியிருப்பேனே!"

அடுத்து நடந்ததெல்லாம் வேகம். அங்கேயே பொதுக்குழு கூடியது. ராஜினாமாவை ஏற்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். அறுபது கைகள். கொளஞ்சியம்மாளும் தூக்கினார். "உங்களுக்கு ஓட்டு இல்லை" என்று சின்னப்பாப்பா அவர் கையை இறக்கிவிட்டாள். ஆரோக்கியசெல்வி தலைவி. உள்ளங்கை வியர்த்ததை அவள் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

தட்சணாமூர்த்தி சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டார். மாலையை டிரைவர் புதுத் தலைவி பக்கம் நீட்டினார்.

"வாழ்த்துகள்மா. பேச்சுவார்த்தையை வழக்கம்போல நம்ம ஆபீஸ்ல வச்சிக்கலாம். ஏசி இருக்குது."

"வேணாங்க. பாத்தி வரப்புலயே வச்சிக்கலாம். பகல் பன்னண்டு மணி."

"வரப்புலயா? அங்க நிழலே இல்லியேம்மா."

"ஆமாங்க. அது ஒண்ணாவது கோரிக்கை."

"குடிக்கத் தண்ணி?"

"அது ரெண்டாவது."

தட்சணாமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "எனக்கு சுகர் இருக்குதும்மா. அரைமணிக்கு ஒரு தடவை போயாகணும்."

"மூணாவதுங்க. உங்க ஆபீஸ் பக்கத்துலயே ஒண்ணு இருக்குது. ரெண்டு கிலோமீட்டர்தான். நாங்க தினம் நடக்கறோம். கார் அந்த வரப்புல வராது."

அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். கார் கிளம்பிப் போனபோது மாலை மட்டும் பந்தல் கம்பத்தில் தொங்கியது.

கொளஞ்சியம்மாள் எழுந்து ஓடிவந்து செல்வியின் கையைப் பிடித்தார். கண்ணெல்லாம் மினுமினுப்பு. "அடியேய்! ஒரு மணிக்கு வச்சிருக்கணும்டி. உப்பு மேல வெயில் அப்பத்தான் நல்லா எதிரடிக்கும். அப்புறம் அந்தாளு முதல்ல எதுக்கு ஒத்துக்குவாருன்னா..."

"அக்கா." செல்வி கையை விடுவிக்கவில்லை. "ஒரு நிபந்தனை. எழுதிக் கையெழுத்துப் போடணும். அன்னிக்கு நீங்க மரக்காணத்துலயே இருக்கக் கூடாது."

கொளஞ்சியம்மாள் இதை எதிர்பார்க்கவே இல்லை. "ஓரமா ஒரு குடையைப் பிடிச்சிக்கிட்டு..."

"கூடாது."

"பஸ் ஸ்டாண்டுல?"

"கூடாது. அவரு உங்களைப் பார்த்தா உங்ககிட்டதான் பேசுவாரு."

"போன்லயாவது?"

"ஆஃப் பண்ணிடணும். இரும்பை ஊர்க் கோயிலுக்குப் போங்க. சாமி கும்பிடுங்க."

"நானா? நாள்பூராவுமா?" தலையைச் சொறிந்தார். "எத்தினி மணிக்குத் திரும்பி வர்றது?"

"முடிஞ்சதும் போன் பண்றோம்."

"போன்தான் ஆஃப்ல இருக்குமே?"

"அப்ப அங்கியே இருங்க" என்று சின்னப்பாப்பா பேனாவை நீட்டினாள்.