டெல்ஃபினாவின் குட்டை பேஸ்

டெல்ஃபினாவின் தோள்பட்டை மக்கர் பண்ண ஆரம்பித்ததும், பாறாங்கல்லாய்க் கனத்த பழைய பேஸ் கிட்டாரை ஓரங்கட்டிவிட்டு, கழுத்து குட்டையான, இலேசான ஒன்றை வாங்கினாள். வந்தது வினை! பழைய பழக்கத்தில் விரல்கள் ஒரு கட்டம் தள்ளிப்போய் உட்கார்ந்தன. கம்பிகளோ தொளதொளவென்று கிடந்தன. வழக்கம்போல ஓங்கி அடித்தால் சுருதி எகிறிப்போய் கடகடவென்று அதிர்ந்தது.

அவள் வாசிக்கும் இசைக்குழுவுக்கு அண்ணன் ஹெனாரோதான் தலைவர். அக்கார்டியன் வாசிப்பவர், வாயும் கொஞ்சம் நீளம். வியாழக்கிழமை ஒத்திகையில் வெடித்தார்.

"என்ன புள்ள இது, பொம்மைக் கடையில வாங்கினியா? சனிக்கிழமை டான்ஸ்ல ஆடுறவங்க கால் தடுமாறிச்சுன்னா, அடுத்த வாரத்துலேருந்து பேஸ் வாசிக்க ரூடியைக் கூப்பிட்டுக்குவேன். சொல்லிட்டேன்!"

"தாராளமா கூப்பிட்டுக்கோ!" என்று சொல்லிவிட்டு வந்தாளே தவிர, வீடு வரும்வரை அவளுக்கு அதே நினைப்புதான். சான் அன்டோனியோ ஊரில் அவர்கள் குழு வாசிக்காத கல்யாணம் உண்டா? அந்த மேடையை விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை முழுக்க சமையலறையில் உட்கார்ந்து சாதகம் செய்தாள். அடுப்பில் பீன்ஸ் அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டினாள், விரல்களை நெருக்கினாள். கடைசியில்தான் சூட்சுமம் பிடிபட்டது. இந்தக் கம்பியை அடிக்கவே கூடாது, தொட்டுவிட்டால் போதும். அப்படித் தொட்டபோது வந்த நாதம் இருக்கிறதே, அடடா!

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் எடுத்த போல்கா ஆட்டப் பாட்டில் அவள் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஆனாலும் பாட்டு திரும்புகிற இடத்தில் ஜோடிகள் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டார்கள். மறுபடியும் அதே இடம், அதே மிதி. ஹெனாரோ தங்கையை முறைத்தார்.

ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கத்தினாள் ரெஃபூஹியோ. ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்து ஆடுகிறவள். "ஏன்யா ஹெனாரோ, கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சா? எதுக்கு இந்த ஓட்டம் ஓடுற?"

மண்டபமே சிரித்தது, பாட்டும் நின்றது. டெல்ஃபினாவுக்கே அப்போதுதான் உறைத்தது. திருப்பத்துக்குத் திருப்பம் அண்ணன் தாளத்தை முந்துகிறார். இத்தனை வருஷமும் அவள் ஓங்கி அடித்த அடிதான் அத்தனை கால்களையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. அவள் அடங்கி வாசித்ததும் அவர் அவசரம் பட்டவர்த்தனமாகிவிட்டது.

ஹெனாரோ முகம் சிவந்து அவள் பக்கம் குனிந்தார். "பழையபடி கொஞ்சம் ஓங்கித்தான் அடிச்சுடேன், புள்ள."

"அடிச்சா இது கத்தும்ணே. நீதான் இனிமே காது குடுத்து வாசிக்கணும்."

ஜோடிகள் கைகோத்தபடி காத்திருந்தார்கள். ஹெனாரோ மீசை வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எந்தப் பாட்டையும் அவர்தான் தொடங்குவார், அதில் யாரையும் விட்டதே இல்லை.

"சரி, நீயே எடு," என்றார். "நான் உன் பின்னாடி வர்றேன்."