எண்பத்திரண்டு என்றுதான் எழுதுவேன்

ஒரு வருடம் அலைந்து திரிந்து மாநகர சபையில் நளீம் வாங்கிய அனுமதிக் கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது. கார்ப் போட்டி நடக்கும் நாளில் திடலுக்குப் பக்கத்து வீட்டில் சத்தம் எழுபத்தைந்து டெசிபலைத் தாண்டக் கூடாது. ஒரு தடவை தாண்டினாலும் திடலை மூடிவிட வேண்டியதுதான், மறுபேச்சு இல்லை.

திடல் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கல்முனைக்குடிக்கு மேற்கே, வயல் வட்டை தொடங்குகிற இடத்தில், கிறவல் மண் போட்டு இறுக்கிய கால் மைல் வளையம். பழைய கார்களைக் கழற்றிப் பூட்டி அதில் சுற்றிச் சுற்றி ஓட்டுகிற பைத்தியங்கள் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் பெரிய பைத்தியம் நளீமின் தங்கச்சி மாப்பிள்ளை றாஸிக். நளீம் போட்டியில் ஓடுவதில்லை. ஒவ்வொரு காருக்கும் கீழே படுத்து, சைலன்சரைத் திருத்தி, சத்தத்தை அளந்து, இது ஓடலாம், இது ஓடக் கூடாது என்று சொல்வது அவன் பொறுப்பு. வேலையில்லாத வேலை என்று வீட்டில் திட்டுவார்கள். அவனுக்கோ அதை விட்டால் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

பக்கத்து வீடு சுபைறாவுடையது. சிக்கலே அங்கேதான். போன வருடம் மனுக் கொடுத்துப் போட்டியை நிறுத்தியது அந்த வீடுதான் என்று ஊரெல்லாம் பேச்சு. நளீமும் அன்றிலிருந்து அந்த வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவன். இப்போது அவளுடைய கணவர் அபூசாலி மௌத்தாகி இரண்டு மாதம். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருக்கிறாள் சுபைறா. நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வீட்டை விட்டு வெளிக்கிடவும் மாட்டாள், வேற்று ஆண்கள் முன்னால் வரவும் மாட்டாள். போட்டியன்று உறவுக்காரர் வீட்டுக்குப் போய் இருங்கள் என்று அவளிடம் சொல்ல முடியாது. அவளுடைய ஜன்னலடியில் சத்தம் அளக்கிற மீட்டரைப் பிடித்துக்கொண்டு நளீம் போய் நிற்கவும் முடியாது. வேறு வழியில்லாமல் மீட்டரை அவளுடைய மகள் பஸ்னாவிடம் கொடுத்தனுப்பினான். அளப்பதும் கொப்பியில் எழுதுவதும் சுபைறா. அந்தக் கொப்பிதான் சபைக்குப் போகும்.

"நம்மட குடுமி இனி அவட கையில," என்று றாஸிக் பல்லைக் கடித்தான்.

வேலை நாளில் இந்த ஊரில் எந்தக் காரியமும் அஸர் தொழுதுவிட்டுத்தான். சோதனை ஓட்டத்தையும் அப்படியே, ஒரு பின்னேரம், அஸருக்குப் பிறகு வைத்தார்கள். எல்லாக் கார்களும் ஓடின. எழுபத்தொன்று என்று பஸ்னா போனில் சொன்னாள். றாஸிக் தேத்தண்ணிக் கடையில் எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தான். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட்டி என்று நோட்டீசும் அடித்து ஒட்டியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த நளீமுக்கு பஸ்னா போன் எடுத்தாள். "நளீம் மாமா, உம்மா உங்கள வரட்டாம்."

போனான். விறாந்தையில் கதிரை போட்டிருந்தது. கதவுத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து சுபைறாவின் குரல் வந்தது.

"தம்பி, போட்டி எத்தின மணிக்கு?"

"பத்து மணிக்கு ராத்தா."

"அப்ப எண்பத்திரண்டு எண்டுதான் எழுதுவன்."

மனுசி பழி வாங்கப் போகிறாள் என்று நளீம் நினைத்தான்.

"நீங்க அளந்தது அஸருக்குப் பொறகு. அப்ப கடல்காத்து. சத்தத்த வயல் பக்கம் தள்ளிக்கிட்டுப் போயிரும். காலையில பத்து மணிக்கெல்லாம் மேற்கால இருந்து கச்சான் காத்து எழும்பிரும். அது சத்தத்த அள்ளிக்கொண்டு வந்து என்ட ஜன்னலுக்குள்ள கொட்டும். நேத்துப் பத்தரைக்கு றாஸிக்ட கார் ஒண்டு மட்டும்தான் ஓடிச்சு. எண்பத்திரண்டு. மூணு தரம் பார்த்தன்."

நளீம் திரும்பித் திடல் பக்கம் பார்த்தான்.

"இருவத்தஞ்சு வருஷம் அவரோட களத்தில நிண்டு நெல்லுத் தூத்தினவள் நான். எந்தக் காத்து எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாதா? வட்டைக்குப் பக்கத்தில திடல வெச்சிக்கிட்டு, ஒரு வயல்காரனிட்டயாவது கேட்டீங்களா? பொய் எழுத எனக்கு ஏலா. திடல மூடுறத்துக்கும் விருப்பமில்ல. போட்டியப் பின்னேரத்துக்கு மாத்துங்க."

"ராத்தா, போன வருஷம் நீங்கதானே நிப்பாட்டச் சொல்லி..."

"நிப்பாட்டச் சொல்லியா? அந்த மனுவ நீங்க வாசிச்சீங்களா?"

வாசிக்கவில்லை. அவன் மட்டுமல்ல, திடல்காரர் ஒருவரும் வாசிக்கவில்லை.

"அவருக்கு ஒப்பரேஷன் செஞ்ச நேரம். ஒரு மாசத்துக்குச் சத்தத்தக் கொறைச்சுத் தாங்க எண்டுதான் கேட்டம். சபைக்காரங்க ஒரேயடியா நிப்பாட்டினா நான் என்ன செய்யிற?"

நளீமுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல் இருந்தது. ஒரு வருடமாக ஒரு சலாம்கூடச் சொல்லாமல் போன வாசலில், தன் திடலைக் காப்பாற்றித் தரச் சொல்லி யாரும் கேட்காமலே ஒருத்தி காற்றை அளந்து வைத்திருக்கிறாள்.

போட்டி பின்னேரத்துக்கு என்றதும் றாஸிக் ஆடித் தீர்த்துவிட்டான். "நோட்டீஸ் அடிச்சாச்சு மச்சான்! ஆலையடிவேம்பு ஆக்களுக்கும் சொல்லியாச்சு!"

"அடிச்ச நோட்டீஸக் கிழி," என்றான் நளீம். அவன் றாஸிக்கிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. பிறகு ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, நேர மாற்றத்தைத் தானே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். ஆலையடிவேம்பிலிருந்து கார் கொண்டுவரும் தனஞ்சயனுக்கு, முடிய இருட்டிவிடுமே என்று தயங்கித் தயங்கிப் போன் எடுத்தால், அவன் சிரித்தான். "அதுக்கென்ன நளீம், இருட்டினா எங்களுக்கு வீட்டுக்குப் போற வழி மறந்திருமா?"

ஞாயிறு காலை பத்து மணிக்கு நளீம் வெறும் திடலில் தனியாக நின்றான். கச்சான் சுழற்றி அடித்தது. கிறவல் புழுதி கிளம்பி நேரே சுபைறாவின் ஜன்னலுக்குப் போனது. இந்நேரம் கார்கள் ஓடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னான்.

அஸருக்குப் பிறகு கடல்காற்று முகத்தில் பட்டது. முதல் ஓட்டம் எழுபது, அடுத்தது எழுபத்திரண்டு. இறுதி ஓட்டத்தில் எட்டுக் கார்கள் ஒன்றாக உறுமின. நளீம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினான்.

"எழுபத்தினாலு, மாமா," என்றாள் பஸ்னா.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன் எல்லாம் முடிந்தது. றாஸிக் மூன்றாவதாக வந்து, பழியைச் சைலன்சர் மேல் போட்டான். நளீமுக்கு அது காதில் ஏறவில்லை. ஓட்டமும் நடையுமாக அந்த விறாந்தைக்குப் போனான். திரைக்குக் கீழால் கொப்பி வந்தது, கையெழுத்தோடு.

"ராத்தா, நான் செஞ்சதுக்கெல்லாம் மன்னிச்சுக்கங்க. நீங்க இல்லாட்டி இண்டைக்குத் திடலே இல்ல. இந்த நன்றிய எப்பிடிச் சொல்லுற எண்டு எனக்குத் தெரியல்ல."

"அது கிடக்கட்டும் தம்பி. ஒண்டு கேக்கவா?" குரல் கொஞ்சம் தயங்கியது. "என்ட இத்தா முடிஞ்ச மறுகா ஒரு போட்டி வந்தா, நான் வந்து பார்க்கலாமா? ஆறு வருஷமா உங்கட சத்தம் மட்டும்தான் இந்த வீட்டுக்கு வருது. ஒருக்காவாவது ஒருத்தரும் வாங்க எண்டு கூப்பிடல்ல."

கண்காணாத தூரத்து ஊர்களுக்கெல்லாம் அழைப்பிதழ் அனுப்பியவன் நளீம். பெண்கள் உட்கார அங்கே ஒரு கதிரையோ ஒரு சாண் நிழலோ கிடையாது.

"ஓம் ராத்தா, வாங்க," என்றான். "பஸ்னாவையும் கூட்டிக்கொண்டு வாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திடலுக்குத் திரும்பினான். ஆண்கள் இருந்து பார்த்த பந்தலை றாஸிக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கம்ப புடுங்காத மச்சான்," என்றான் நளீம். "இதுக்குப் பக்கத்தில பொம்புளைகளுக்கும் ஒரு பந்தல் போடணும்."