வலியசாலையில் இரண்டு ஹரிநாராயணன்கள்

பத்மப்ரியா வீட்டு ஏசி ஓடும்போதெல்லாம் விஜயத்தின் சமையலறை வெந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். ஏசியின் வெளிப்பெட்டியைச் சரியாக விஜயத்தின் ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார்கள். அவர்களுக்குக் குளிர்ச்சி, இவளுக்குச் சூடு.

அந்த ஏசி, பத்மப்ரியாவின் அப்பா என்றைக்கோ பாங்கில் போட்டு மறந்த பணத்தில் வந்தது. பத்து வருஷம் யாரும் தொடாத கணக்கு ரிசர்வ் பாங்குக்குப் போய்விடும், உரிமைக்காரர் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்று அவள் தெருவில் வீடு வீடாக விளக்கினாள். விஜயத்துக்கு மட்டும் இரண்டு தடவை.

"மன்னி, உங்காத்துலே அப்படி யாரும் போட்டு வச்சிருக்க மாட்டா, இல்லையா?"

அந்த 'இல்லையா' விஜயத்தைச் சும்மா இருக்க விடவில்லை. போனும் கையுமாக உட்கார்ந்து, அரசாங்க வலைத்தளத்தில் தன் அப்பா, அம்மா, சித்தப்பா என்று செத்தவர்களையெல்லாம் தேடினாள். எவருமே ஒரு ரூபாய்கூட மறக்கவில்லை. கடைசியில் கணவர் பட்டாபியின் சொந்தப் பேரைப் போட்டாள்.

"ஏன்னா! ஹரிநாராயணன், வலியசாலை! உங்க பேருலே கணக்கு கெடக்கு!"

பட்டாபி பேப்பரை முகத்திலிருந்து இறக்கவில்லை. "எனக்கு ஓர்மையில்லை. விட்டுடு, விஜயம்."

விடுவதா? மதில் வழியாக உடனே செய்தி போயிற்று. பத்மப்ரியா ஒரு கணம்தான் வாடினாள்.

"ஹரிநாராயணன் எங்காத்துலேயும் ஒருத்தர் இருக்காரே, மன்னி!"

இருந்தார். பட்டாபியின் அப்பாவும் அவர் தம்பியும் தங்கள் மூத்த பிள்ளைக்குத் தாத்தாவின் பேரையே வைத்துவிட்டார்கள். ஆனால் மாமனார் பேரை மருமகள்கள் வாயால் சொல்லக் கூடாதே! அதனால் ஒரு ஹரிநாராயணன் பட்டாபி ஆனார், பத்மப்ரியாவின் கணவர் வெங்கிடேஷ் ஆனார். பாங்குக்கு இந்தச் சங்கடமெல்லாம் தெரியாது.

இரண்டு தம்பதிகளும் ஒரே நாளில் பாங்கில் போய் நின்றார்கள்.

"எங்காத்துக்காரர் சின்ன வயசுலேயே சேமிக்கறவர்" என்றாள் பத்மப்ரியா.

"உங்காத்துக்காரரா? காலேஜ்லே காப்பிக்கு எங்காத்துக்காரர்கிட்டதான் காசு கேப்பார்!"

"ஏசி வாங்கறதுக்குன்னா நான் விட்டுக் கொடுக்கறேன், மன்னி."

"நீ ஒண்ணும் கொடுக்க வேண்டாம்டீ. பெட்டியை எடுத்து உன் ஜன்னல்லே மாட்டிக்கோ, போதும்!"

கவுண்டருக்குப் பின்னால் ஆர்யா என்ற இளம் அதிகாரி கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, சண்டை போடாண்டாம். இது ஜாயின்ட் அக்கவுண்ட். ரெண்டு பேரும் வந்து ஒப்பிட்டாத்தான், கையெழுத்துப் போட்டாத்தான், பணம் கிட்டும். அதிருக்கட்டும், யாராக்கும் இந்த எலிசாள்? அவங்களோட அட்ரஸ் போனக்காடு எஸ்டேட்னு இருக்கே?"

இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் ஓரடி பின்வாங்கினார்கள்.

"அப்போ இது உங்காத்துக்காரர்தான், மன்னி!"

"சீ! உன் ஆத்துக்காரர் மூஞ்சியைப் பாரு, திருட்டு முழி!"

வெங்கிடேஷ் உண்மையாகவே குழம்பினார். "போனக்காடா? அது எங்கே இருக்கு?"

"தம்பானூர்லேர்ந்து விதுரா வழியா பஸ் உண்டு" என்றார் பட்டாபி. "கடைசி ஸ்டாப்புலே எறங்கி வலப்பக்கம் ஏறினா தொழிலாளிகள் லயம், வரிசையா வீடுகள். மூணாவது வீட்டு வாசல்லே ஒரு கொய்யா மரம்..."

எல்லோரும் தன்னையே பார்ப்பதை அப்போதுதான் கவனித்தார்.

பத்மப்ரியா விஜயத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பணம் உங்களோடதுதான், மன்னி. சத்தியமா எனக்கு வேண்டாம்." அந்தக் குரலில் இருந்த இரக்கம் ஏசியின் வெளிப்பெட்டிக் காற்றைவிடச் சுட்டது.

வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் விஜயம் கேட்டாள். "எதுக்குச் சேர்த்தேள்?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அங்கே கணக்கெழுத்து வேலை பார்த்தேன்."

"எதுக்குச் சேர்த்தேள்னு கேட்டேன்."

"வீடு எடுக்கறதுக்கு."

"யாருக்கு வீடு?"

"அம்மா வந்து அழுது என்னைக் கூட்டிண்டு வந்துட்டா. அப்புறம்தானே உன்னைப் பார்த்தேன்!"

முப்பத்தைந்து வருஷமாக விஜயம் குடியிருந்தது வாடகை வீட்டில். ஒரு செங்கல் வாங்கலாம் என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த எலிசாளுக்கு மட்டும் வீடாம்!

பணத்தை விட்டுவிட்டால் பத்மப்ரியா காரணத்தைத் தெரு முழுக்கச் சொல்வாள். விடாவிட்டால் அந்த எலிசாளைக் கூட்டிவந்து, கணவரின் பக்கத்தில் நிற்கவைத்து, கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். விஜயம் இரண்டையும் நிறுத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலை தம்பானூரில் பஸ் ஏறியபோது அவள் காதில் வைரத்தோடு மின்னியது.

"எஸ்டேட்டுக்குப் போறதுக்கு எதுக்கு வைரத்தோடு?" என்றார் பட்டாபி.

"ஒப்பிட வரவ என்னைப் பார்க்க வேண்டாமா?"

நெடுமங்காடு தாண்டியதும் விஜயம் கேட்டாள்.

"பார்க்க எப்படி இருப்பா?"

"இப்போ எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்போ?"

பட்டாபி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விதுரா தாண்டியதும் குளிர்காற்று வந்தது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், சட்டைக் காலரைச் சரிசெய்தார். பிறகு, கை தன்பாட்டில் செய்வது போல, பையிலிருந்து ஒரு சின்னச் சீப்பை எடுத்து, மிச்சமிருந்த நாலு மயிரை வாரினார்.

விஜயம் அந்தச் சீப்பைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள்.