மைனருக்கு ஒரே இடம்தான்

பால்காரர் மணியம் அண்ணன் பேச்சை நம்பி நான் வீட்டுக்குக் கொண்டுவந்த நாய் அது. அவர் இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கே கப்பலேறப் போகிறவர். மாடுகளையெல்லாம் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்தில் மாடு வளர்க்கும் வங்காளியிடம் விற்றுவிட்டார். நாயை மட்டும் யாரும் சீண்டவில்லை. "தம்பி அய்யாவு, மைனருக்கு வயசாயிருச்சு, ஆனா சுத்தக்காரன். கொட்டகையில அவனுக்குன்னு ஒரே இடம்தான். அங்க தவிர வேற எங்கயும் காலைத் தூக்கமாட்டான்" என்று சொல்லிக் கயிற்றை என் கையில் கொடுத்தார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது. கண் கலங்கின மனுஷன் பொய் சொல்லமாட்டான் என்று நினைத்தேன்.

அதையே வீட்டில் கிருஷ்ணம்மாவிடம் பெருமையடித்தேன். என் மனைவிக்குச் சுத்தம் என்றால் உயிர். உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் எங்கள் வீடு மண் தரைதான், ஆனால் அந்தத் தரையில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம். நான் சொல்லி வாய் மூடவில்லை, மைனர் உள்ளே வந்தான். காலையில்தான் அவள் சாணி போட்டு மெழுகியிருந்த தரையை முகர்ந்தான். திருப்தியாகக் காலைத் தூக்கினான்.

அந்த அசிங்கம் போக அவள் என்ன செய்வாள்? சாணிதான். வங்காளியின் மாடுகள் தோட்டத்துப் பாதையெல்லாம் மேயும். வாளியை எடுத்துக்கொண்டு போய் அள்ளிவந்து மறுபடி மெழுகினாள். ஈரம் காய்வதற்குள் மைனரும் மறுபடி வந்தான். அவள் விடவில்லை, வாசலையும் சுவரோரத்தையும் சேர்த்து மெழுகினாள். அவனும் வாசலையும் சுவரோரத்தையும் விடவில்லை.

நான் திட்டாத திட்டில்லை. சனியனே, பீடையே என்றால் வாலை ஆட்டிக்கொண்டு கேட்பான். சரி, பொறுமையாகச் சொல்லிக்கொடுப்போம் என்று வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடிக்கு இழுத்துப்போனேன். அங்கே சும்மா உட்கார்ந்தான். செய்து காட்டினால்தான் இந்த மரமண்டைக்குப் புரியும் என்று, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நானே மரத்தடியில் ஒண்ணுக்கு இருந்து காட்டினேன். மைனர் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டான். பக்கத்து வீட்டு வீரமுத்து திருப்பிக்கொள்ளவில்லை. மறுநாள் விடியற்காலைப் பிரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, "என்ன அய்யாவு, மைனர் உன்னை நல்லாப் பழக்கிட்டானா?" என்று விசாரித்தான்.

இந்த லட்சணத்தில், கிருஷ்ணம்மாவின் அண்ணன் சதாசிவமும் அவர் மனைவி ராசம்மாவும் ஜொகூர் பாருவிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். ராசம்மா டவுன்காரி. போன தடவை வந்தபோது லயத்து வாசலிலேயே மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டவள். கிருஷ்ணம்மா அதை மறக்கவில்லை. அவர்கள் இருக்கும்போது மைனர் தரையில் ஒரு சொட்டு விட்டாலும், மெர்சிங்கிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் மூர்த்தியின் லாரியில் அன்றைக்கே ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்பிவிடுவேன் என்றாள். மூர்த்தியிடம் பேசியும் வைத்துவிட்டாள்.

இருட்டோடு ரப்பர் பால் வெட்டப் போகும்போது மைனர்தான் என்கூட வருவான். அந்தக் காட்டில் புலி உண்டு. புலி வந்தால் முதலில் ஓடுகிறவன் அவனாகத்தான் இருப்பான், அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவன் பக்கத்தில் நடந்தால் எனக்குப் பயமில்லை. அவனை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

சனிக்கிழமை வீரமுத்துவின் சிரிப்பு அடங்கியது. அவன் மனைவி பேச்சியம்மாள் வாசலை மெழுகிவிட்டு நிமிர்வதற்குள் மைனர் அங்கே போய்விட்டான். மெழுகாத இடம் எவ்வளவோ கிடக்க, மெழுகின இடமாகப் பார்த்துக் காலைத் தூக்கினான். அவள் விளக்குமாற்றோடு துரத்த, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். மணியம் அண்ணன் பொய் சொல்லவில்லை. கொட்டகையில் மைனருக்கென்று இருந்த ஒரே இடம் சாணிக் குவியல். சாணி வாசம் அடித்தால்தான் அவனுக்கு வரும். நாங்கள் தினமும் அவனுக்குப் புதுக் கக்கூஸ் கட்டிக்கொடுத்துவிட்டு, ஏண்டா போனாய் என்று திட்டியிருக்கிறோம்.

மெழுகாத வீட்டில் அண்ணியை உட்காரவைப்பதா என்று கிருஷ்ணம்மா குதித்தாள். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். கடைசியில் மேல்தரையைச் சுரண்டி, புது மண்ணைப் போட்டுச் சமன்செய்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். வாளிச் சாணியைப் பலா மரத்தடியில் கொட்டினேன். ஞாயிறு காலை மைனர் நேராக மரத்தடிக்குப் போய்க் காரியத்தை முடித்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் விருந்தாளிகள் வந்தார்கள். ராசம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தோட்டத்துப் பாதையை மூக்கைப் பொத்திக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே கடந்து வந்திருக்கிறாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டாள். சேலைக் கரையைக் குனிந்து பார்க்கவில்லை. உள்ளே பாயில் உட்கார்ந்து, காலை நீட்டி, இந்த வீட்டில் ஏதோ வாடை வருகிறதே என்று ஆரம்பித்தாள்.

மூலையில் படுத்திருந்த மைனரும் தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தான். எழுந்து வந்தான். பட்டுக் கரையில் பச்சையாக அப்பியிருந்த சாணியை முகர்ந்தான். நான் கூப்பிட்டேன். நன்றாகத்தானே செய்கிறேன் என்பதைப் போல என்னைப் பார்த்துவிட்டுக் காலைத் தூக்கினான்.

ராசம்மா போட்ட கூச்சலில் லயமே கூடிவிட்டது. சதாசிவம் தண்ணீருக்கு ஓடினார். அந்த நேரம் பார்த்து ரோட்டில் மூர்த்தியின் லாரி ஹாரன் அடித்தது. சொன்ன சொல் சொன்னதுதானே. கயிற்றை எடுத்தேன்.

கிருஷ்ணம்மா என்னை நிறுத்தினாள். குனிந்து, பாயை விலக்கி, தரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். உதட்டை எவ்வளவு கடித்தும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"தரையில ஒரு சொட்டு இல்லைங்க. எல்லாம் அண்ணி சேலையிலதான்."

என் கையிலிருந்த கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டினாள்.

"மூர்த்திகிட்ட நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வாங்க. மைனருக்கும் சேர்த்து."