பலகையில் இருந்த தேதி

இரண்டாயிரமாவது வருஷத்துக்கு முன்பே தாராவியில் எங்கள் சோபா பட்டறை இருந்ததற்கு ஆதாரம் கொண்டா என்றான் குடிசைகளை இடித்துப் புதுக் கட்டடம் கட்டுவதற்காகச் சர்வேக்கு வந்தவன். இல்லாவிட்டால் புதுக் கட்டடத்தில் எனக்கு இடம் கிடையாதாம். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. என் வீட்டுக்காரர் மாரீஸ்வரன் தொண்ணூற்று மூன்றில் போட்ட பட்டறை. அவர் செத்ததும் அதற்குள்ளேதான். காகிதமெல்லாம் இரண்டாயிரத்து ஐந்து வெள்ளத்தில் போயிற்று. ஊரே முங்கிய மழையிடம் நான் ரசீதா கேட்டு வாங்க முடியும்?

தேதி போட்ட பொருள் ஏதாவது இருந்தால் போட்டோ எடுத்து வா, பார்க்கலாம் என்றான். பக்கத்து மாட்டுங்காவில் இருக்கும் எங்கள் பழைய வாடிக்கை அம்மிணி மாமியின் சோபா நினைவுக்கு வந்தது. தொண்ணூற்று ஆறில் நாங்கள் செய்தது. உட்காரும் பலகையில் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் மேலே தேங்காய் நார் பரப்பித் துணி இழுப்போம். எங்கள் பட்டறை வழக்கம் அது.

அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் மாமியின் முகம் வாடிப்போயிற்று.

“அதைப் பிரிக்க வேண்டாம்டி வடிவு. அவர் உக்காந்து உக்காந்து விழுந்த குழி அது. தெனம் அதுல கை வெச்சுண்டுதான் நான் பேப்பர் படிக்கறேன்.”

ரயில்வே ஆபீசில் இருந்த அவள் கணவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கும் புருஷன் இல்லை, அந்த வலி தெரியாதா? ஆனாலும் கேட்டேன்.

“எனக்கு வேற கதியில்ல மாமி. பதினோரு பேரு அந்தப் பட்டறைய நம்பிச் சாப்பிடுதாங்க. இருந்த மாதிரியே திருப்பி அடிச்சித் தந்திருதேன்.”

“சரி, பிரி. நான் பாக்க மாட்டேன்” என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆணிகளைப் பிடுங்கித் துணியை விலக்கினேன். நாரை அள்ளித் தரையில் வைத்தேன். என் வீட்டுக்காரர் கையெழுத்து தெரிந்தது. மாரீஸ்வரன், 14-2-2006.

அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அந்த வெள்ளம் மாமியின் தரைத்தள வீட்டுக்குள்ளும் புகுந்திருந்தது. துணி மாற்ற சோபா எங்களிடம் வந்தது. துணி மாற்றினால் பழைய தேதியைத் தேய்த்துவிட்டுப் புதுத் தேதி போடுவோம். உப்புத்தாளால் தேய்ப்பது என் வேலை. ஓர் எழுத்து மிஞ்சாமல் தேய்த்திருந்தேன். எப்படி மறந்தேன்?

“கெடைச்சுதா?” மாமி வாசற்படியில் நின்றாள்.

“இல்ல மாமி. நானே அழிச்சிருக்கேன்.”

அவள் திட்டியிருக்கலாம். “நான் எழுதித் தரட்டுமா, தொண்ணூத்தாறுல வாங்கினோம்னு?” என்றாள்.

“கடுதாசி செல்லாதுன்னு முன்னமே சொல்லிட்டான் மாமி.”

அதே நார், அதே துணி, அதே ஓட்டைகளில் ஆணி. குழி விழுமென்று முழங்காலை ஊன்றி ஊன்றி அமுக்கினேன். மாமி பக்கத்தில் உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தாள். நார் மேடாகவே நின்றது.

“பரவால்லைடி, நீ போய்ட்டு வா” என்றாள். என் பட்டறைதான் போயிற்று என்றால், அவளிடம் இருந்ததையும் நான் பிடுங்கிவிட்டேன்.