சோலையம்மாள் எடுத்த ஏலம்

போடியில் கலைவிழா நடந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரைச் சுற்றிப் பார்க்க ஒரு விளையாட்டும் வைத்திருந்தார்கள். கையில் ஒரு வரைபடம் தருவார்கள். அதில் குறித்த இடங்களுக்கெல்லாம் நடந்தே போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு போட்டி.

சோலையம்மாளும் அவள் நாத்தனார் கருப்பம்மாளும் சந்தைக்குத்தான் வந்திருந்தார்கள். இருபது வருடமாக விடியுமுன் ஜீப்பேறி, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். சொந்த ஊரில் பாதித் தெருக்களை அவர்கள் பகலில் பார்த்ததில்லை.

"நாமளும் பேரு குடுப்போமாடி?" என்றாள் சோலையம்மாள்.

"அதெல்லாம் படிச்ச பிள்ளைகளுக்கு மதினி. வெரசா வாங்க, சோறு பொங்கணும்."

"அது தெனமும் உள்ள சோலிதான? வா."

முதல் போட்டி, ஒலிபெருக்கியில் கேட்ட சத்தம் எந்தத் தெருவுடையது என்று நடந்து கண்டுபிடிப்பது. வழிதவறி இரண்டு தெரு சுற்றியதில் தோற்றார்கள். ஆனால் மரச்சன்னல் வைத்த பெரிய வீடுகளையும் ஒரு மாதா கோவிலையும் பார்த்தார்கள். கருப்பம்மாள் அதன்பிறகு சோற்றைப் பற்றிப் பேசவில்லை.

இரண்டாவது இடம் ஒரு பள்ளிக்கூடக் கூடம். அதை ஏலக்காய் ஏலம் நடக்கும் அறைபோல மாற்றியிருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு நிறைய ஏலக்காய். போட்டியை நடத்திய கல்லூரி மாணவி முத்துப்பிரியா விதியைச் சொன்னாள்.

"இங்க பணத்துல ஏலம் கேக்கக் கூடாது. இந்தக் காயைப் பத்தி உண்மையான ஒரு விஷயம் சொல்லணும். முறை வச்சு சொல்லிக்கிட்டே போகணும். சொல்றதுக்கு இல்லாதவங்க வெளிய. கடைசியா நிக்கிறவங்களுக்குத்தான் ஏலம்."

போட்டியில் நின்ற மாணவர்கள் நான்கு சுற்றில் வெளியேறினார்கள். எஞ்சியவர்கள் சோலையம்மாளும் சௌந்தரபாண்டியனும். அவர் முப்பது வருட ஏலக்காய் வியாபாரி. எந்த ஊர் எந்த அளவுக் காயை விரும்பும், எந்த மாதம் வரத்து கூடும் என்று நிறுத்தாமல் சொன்னார். சோலையம்மாளும் விடவில்லை.

"பூ ஒரு நாளைக்குத்தான் இருக்கும். அன்னைக்குத் தேனீ வரலன்னா காய் இல்ல."

"நல்ல பச்சைக்குத் தனி விலை," என்றார் அவர்.

"உள்ள விதை கறுத்தப்பறம் எடுக்கணும். முத்திப் பழுக்க விட்டா காயவைக்கையில வெடிச்சிரும்."

அவர் யோசித்தார். ஒன்று சொன்னார், அது முன்பே சொன்னது என்று முத்துப்பிரியா மறுத்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

"இன்னும் இருக்கா அம்மா?" என்றாள் முத்துப்பிரியா.

"செடி ஆள் ஒசரத்துக்கு மேல வளரும். காய் மட்டும் தூர்ல, தரையோட கெடக்கும். உக்காந்து குனிஞ்சுதான் எடுக்கணும். எடுத்த கையில பிசின் ஏறும். மழையில அட்டை ஏறும். இன்னும் சொல்லவா?"

கூடமே கைதட்டியது. கருப்பம்மாள் விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தாள். மலைச்சரிவில் ஆள்கூப்பிடும் சீட்டி அது.

சௌந்தரபாண்டியன் எழுந்து வந்தார். "நான் செடியப் பாத்திருக்கேன். குனிஞ்சு எடுத்ததில்லம்மா," என்றார் மறைக்காமல்.

அடுத்த ஞாயிறும் விழா உண்டு, இந்தப் போட்டியை நீங்களே நடத்த வேண்டும் என்று முத்துப்பிரியா கேட்டாள். சோலையம்மாள் நாத்தனாரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "வர்றேன். ஆனா தட்டுல காய வச்சுக்கிட்டு பேசுறது பத்தாது. செடியக் கொண்டாறேன்."

தோட்டத்துக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி, காய்ச்சரத்தோடு இரண்டு செடிகளைத் தொட்டியில் வைத்து ஜீப்பில் ஊருக்குக் கொண்டுவந்தாள். அந்த ஞாயிறு கூடத்தில் நிற்க இடமில்லை. மைக்கைப் பிடித்து, "எம்பேரு சோலையம்மாள். ஏலக்காய் எடுக்கிறவ," என்று தொடங்கினாள். வந்தவர்களை ஐந்தைந்து பேராகத் தரையில் உட்காரவைத்து, தூரில் முற்றிய காயைத் தேடி எடுக்கச் சொன்னாள். சௌந்தரபாண்டியனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பிஞ்சு ஒன்றைப் பறித்துவிட்டார்.

"அது பிஞ்சு மொதலாளி," என்றாள் சோலையம்மாள். "இன்னுங் கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

அவர் குனிந்தார்.