டெனிஸ்டனுக்கு ஓரிடம்

செலீன் வீட்டு வாசலில் குடைந்து உள்ளே லைற் வைத்த பூசணிக்காய் ஒன்று பல்லை இளித்துக்கொண்டிருந்ததை முதலில் கண்டது நான்தான். மொன்ட்ரியாலில், சென்ட் லோரன்டில் இந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குள் எது நுழைந்தாலும் முதலில் காண்பது நான்தான். என் கதவும் அவள் கதவும் நேருக்கு நேர். கதவில் இருக்கிற கண்ணாடித் துவாரத்தை அழகுக்காகவா வைத்தார்கள்? ஒக்ரோபர் கடைசி, இந்த நாட்டுச் சனம் பேய் வேசம் போடுகிற காலம். பூசணிக்காயோடு நிற்கவில்லை. கதவில் கடதாசி எலும்புக்கூடு, நிலையில் பஞ்சுச் சிலந்திவலை. புருசனைப் பற்றி ஆறு மாதமாகத் தகவல் இல்லாதவள் வீட்டில் எலும்புக்கூடு தொங்கினால் யாருக்குத்தான் கால் நிற்கும்? சீனி கேட்கிற சாட்டில் போனேன்.

டோர்வலில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை முடிந்து செலீன் அப்போதுதான் வந்திருந்தாள். அவளுடைய டெனிஸ்டன் மன்னாரிலிருந்து சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து போய், முல்லைத்தீவுக் கடற்கரையில் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டவன். இந்த இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில் கடைசியாகப் போனில் கதைத்தான். அதற்குப் பிறகு முகாம்களில் இருப்பவர்களின் பட்டியலிலும் இல்லை, செத்தவர்களின் பட்டியலிலும் இல்லை. இவளோ அவனுக்குக் குளிர்ச்சட்டை வாங்கி அலுமாரியில் அடுக்குகிறாள். சிவப்புச் சீலையோடு ஞாயிறு பூசைக்குக் கோயிலுக்கு வருகிறாள். பின்வரிசை வாங்கிலில் இருக்கிற எங்களுக்கும் கண் இருக்கிறதல்லவா?

"என்ன பிள்ளை, வாசலில பிரேதத்தைக் கொழுவி வச்சிருக்கிறாய்?"

"ஷெரோன்ர விளையாட்டு, றெஜினாக்கா. பள்ளிக்கூடத்தில செய்தவள்."

மகள் ஷெரோனுக்கு எட்டு வயது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள் போல ஓடிவந்தாள். "எங்கட வகுப்பு மடாம் கதை சொன்னவ, அன்ரி. ஜாக் எண்டு ஒராள் சாத்தானை ஏமாத்தினவர். செத்தாப்பிறகு அவரைச் சொர்க்கத்திலயும் எடுக்கேல்ல, நரகத்திலயும் எடுக்கேல்ல. கிழங்கைக் குடைஞ்சு தணல் வச்சுக்கொண்டு றோட்டு றோட்டா நடக்கிறாராம். அவரை மாதிரிச் செத்த ஆக்கள் இந்தப் பூசணிக்காய் மூஞ்சையைப் பாத்துப் பயந்து வீட்டுக்க வராயினம்."

"அப்ப ஆர்தான் வரலாம்?"

"உயிரோட இருக்கிற ஆக்கள் வரலாம்."

"சீனி எவ்வளவு வேணும் அக்கா?" என்றாள் செலீன்.

சீனியோடு வந்துவிட்டேன். கதை என்னோடு வந்துவிட்டது. டெனிஸ்டன் சாத்தானை ஏமாற்றியதாக நான் கேள்விப்படவில்லை. மிஞ்சிப்போனால் ஊரில் பங்கீட்டு அரிசிக்காகச் சங்கக்கடை மனேஜரை ஏமாற்றியிருப்பான். ஆனாலும் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்றால் அந்த ஆத்துமா எவ்வளவு காலத்துக்குத்தான் தெருவில் நிற்கும்? பாவம் கழுவக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலமென்றாலும் அது ஒரு விலாசம்.

மரித்த ஆத்துமாக்களின் திருநாள் பூசைக்கு, செத்தவர்களின் பெயர்களைக் கோயில் வாசலில் ஒரு கொப்பியில் எழுதுவார்கள். எமிலியானுஸ் அண்ணைதான் அதற்குக் காவல். பேனையையும் நூலால் கட்டிவைத்திருப்பார். அவரிடம் போய் டெனிஸ்டனின் பெயரைச் சொன்னேன்.

"செலீன் சொல்லி விட்டவவோ?" என்று கேட்டார்.

"அவள் எப்பிடித் தன்ர வாயால சொல்லுவாள்? நீங்கள் எழுதுங்கோ."

எழுதினார். அவருக்கு நல்ல எழுத்து.

திங்கட்கிழமை மாலை பூசை. பூசை வைக்கிற சுவாமி ஒவ்வொரு பெயராக வாசிக்க, உரியவர்கள் போய் மெழுகுதிரி கொளுத்தவேண்டும். செலீன் தன் தகப்பனுடைய பெயருக்காக வந்திருந்தாள். கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நாலு பெயர் தள்ளி, "யோசெப் டெனிஸ்டன், மன்னார்" என்றார் சுவாமி.

ஒருவரும் எழும்பவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து மனிதர் மறுபடியும், இன்னும் சத்தமாக வாசித்தார். கோயில் முழுக்கத் தலை திரும்பியது. செலீன் முன்னால் இருந்த வாங்கிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரோ ஒரு டெனிஸ்டனின் ஆட்கள் எழும்பக்கூடும் என்பதுபோல அக்கம்பக்கம் பார்த்தாள்.

"அம்மா, அப்பா செத்திட்டாரோ?" ஷெரோனுக்கு மெல்லக் கதைக்கத் தெரியாது. தாயின் சீலையை இழுத்து அடுத்ததையும் கேட்டாள். "நான் லைற் வச்சபடியாலோ அவர் உள்ள வரேல்ல?"

பிள்ளையை இழுத்துக்கொண்டு செலீன் வெளியே போய்விட்டாள். பட்டியல் முடியவேண்டுமே, எமிலியானுஸ் அண்ணை தானே போய் அந்த மெழுகுதிரியைக் கொளுத்திவைத்தார்.

மறுநாள் பின்னேரம் நாங்கள் சாப்பாடு கொண்டுபோனோம். சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, மீன் இறைச்சி என்று மச்சம் தொடக்கூடாது, அயலவர்தான் மரக்கறி சமைத்துக் கொடுக்கவேண்டும். இதெல்லாம் மொன்ட்ரியாலுக்கு வந்தாலும் மாறாதவை. நான் பருப்பும் கத்தரிக்காயும். கீழ்வீட்டுச் சீதேவி இடியப்பமும் சொதியும். பக்கத்துக் கட்டடத்து ஜெயமதி ஒரு சட்டி சோறு. மூன்று பேரும் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு படியேறினோம்.

சீதேவிக்குத்தான் முதலில் மணத்தது. "ஆர் வீட்டில மீன் பொரிக்கினம்?"

செலீன் வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. அடுப்படியில் அவள் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மஞ்சள் பிரட்டிய விளைமீன் ஒரு தட்டு நிறைய.

"பிள்ளை, இண்டைக்கு மச்சம்…" என்று தொடங்கினேன்.

"அவருக்குப் பொரியல் எண்டால்தான் சோறு இறங்கும்" என்றாள், திரும்பாமலே.

எண்ணெய்ப் புகை வெளி நடைக்கு வந்து, கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. மேல்மாடியில் யாரோ பிரெஞ்சில் கத்தினார்கள். ஷெரோன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு மேசையடியில் இருந்தாள். நாங்கள் மூவரும் சட்டிகளைப் பிடித்தபடி வாசலில் நிற்க, செலீன் இன்னொரு துண்டை எடுத்து எண்ணெய்க்குள் விட்டாள்.